தன் கேஸாலேயே குளிரும் சிறிய ஹீட் பம்ப் கம்ப்ரசர்: எதற்குப் பின் எதை வரைவது

ஃப்ரிட்ஜ், ஏசி சர்க்யூட் புரிந்தவர்களுக்கும், லேத் பட்டறையிலும் வைண்டிங் கடையிலும் வேலை சொல்லி வாங்கத் தெரிந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கட்டப்போவது, புதுச்சேரி விடுதி ஒன்றின் மொட்டை மாடியில் நின்று, காற்றிலிருந்து வெப்பம் எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்புக்கான 5 கிலோவாட் கம்ப்ரசர். மணிக்கு ஏறக்குறைய 150 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற அந்த 5 கிலோவாட் வெப்பம் போதும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் பிஸ்டன் விட்டத்தில்தான் தொடங்குகிறார்கள். சிலிண்டரை முடித்து, மோட்டாரை மாட்டி, ஷெல்லை மூடிய பிறகு "சூடு அதிகமாகுது, என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். அப்போது செய்ய அதிகம் எதுவும் மிச்சமில்லை. விசிறியோ தகடோ இல்லாத சிறிய கம்ப்ரசரில் மோட்டாரைக் குளிர்விப்பது அது இழுக்கும் கேஸ் மட்டும்தான். ஆகவே வெப்பம் போகும் வழியை முதலில் வரையுங்கள். சிலிண்டர் அளவு அதிலிருந்து தானாக வரும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எடுத்துக்கொண்ட கேஸின் முழுப் பண்பு அட்டவணை வேண்டும்: அழுத்தம், அடர்த்தி, என்தால்பி, என்ட்ரோபி. கேஜ் முகப்பில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலை அளவு இந்த வேலைக்குப் போதாது.

வாட் மீட்டர், கே வகை தெர்மோகப்பிள் ஒரு கட்டு, மில்லி ஓம் வரை படிக்கும் ரெசிஸ்டன்ஸ் மீட்டர், மைக்ரான் கேஜுடன் வேக்குவம் பம்ப், ஆக்சிஜன் கலக்காத நைட்ரஜன், கிராம் காட்டும் தராசு ஆகியவையும் வேண்டும். ரெசிஸ்டன்ஸ் மீட்டரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் வைண்டிங் உள்ளே எவ்வளவு சூடானது என்று சொல்ல வழியே இல்லை.

முதல் கம்ப்ரசரை ஆர்-134ஏ என்ற குளிர்பதன கேஸில் கட்டுங்கள், அது தீப்பிடிக்காது. புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல் 1430 மடங்கு என்பதால் அதற்கு நீண்ட எதிர்காலம் இல்லை. கிகாலி திருத்தம் என்ற உலக ஒப்பந்தப்படி இந்தியாவில் இந்த வகைக் கேஸ்களின் குறைப்பு 2032-ல் தொடங்குகிறது. அடுத்ததைப் புரொப்பேனில் கட்டலாம். ஆனால் முதல் முறை வெல்டிங்கும் கசிவும் பழகும்போது எரியும் கேஸ் வேண்டாம்.

1. மூன்று நிலைகளை எழுதுங்கள்

ஐரோப்பிய கேட்லாக்கில் காற்று 7 டிகிரி, தண்ணீர் 35 டிகிரி என்று இருக்கும். அந்தக் காற்று நம் கடற்கரைக்கு வருவதில்லை. அங்கே கவலை கேஸ் மெலிந்து போவது. இங்கே பெரும்பாலான நாட்கள் கேஸ் தடித்து வருவதுதான் பிரச்சினை.

முதல் நிலை, ஜனவரி விடியற்காலை. காற்று 20 டிகிரியை ஒட்டி இருக்கும். காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் எவாப்பரேட்டர் 10 டிகிரி, தண்ணீருக்கு வெப்பம் கொடுக்கும் கண்டென்சர் 60 டிகிரி. அழுத்தம் 4.15 பாரிலிருந்து 16.8 பாருக்கு ஏற வேண்டும், விகிதம் 4.06. அளவெடுப்பது இந்த நிலைக்குத்தான்.

இரண்டாவது, கடல் காற்று இன்னும் வராத மே மாத நண்பகல். எவாப்பரேட்டர் 20 டிகிரிக்கு ஏறும், சக்ஷன், அதாவது கம்ப்ரசர் கேஸை இழுக்கும் பக்கம், 5.7 பார்.

மூன்றாவது நிலையை யாரும் எழுதுவதில்லை. காயில் தகடுகளில் உப்பும் தூசியும் அடைத்திருக்கும், அல்லது கேஸ் கொஞ்சம் கசிந்திருக்கும். எவாப்பரேட்டர் 0 டிகிரிக்கு இறங்கி, சக்ஷன் 2.9 பார் ஆகும், விகிதம் 5.75. விடுதியில் காயிலைக் கழுவ ஆள் வரும் வரை கம்ப்ரசர் இந்த நிலையில்தான் ஓடும். கம்ப்ரசரைக் கொல்வது இந்த நிலை.

2. மோட்டாரைத் தொடும் கேஸ் எது என்று முடிவெடுங்கள்

இரண்டு வழி உண்டு. ஷெல் முழுக்க சக்ஷன் கேஸை நிரப்பி மோட்டாரை அதில் வைப்பது ஒன்று. பெரும்பாலான பிஸ்டன் கம்ப்ரசரும் ஸ்க்ரோலும் அப்படித்தான். ஷெல்லில் டிஸ்சார்ஜ் கேஸை, அதாவது அமுங்கி வெளியேறும் கேஸை, நிரப்புவது மற்றது. வீட்டு ஏசி ரோட்டரிகள் பெரும்பாலும் அந்த வகை.

டிஸ்சார்ஜ் ஷெல்லில் சக்ஷன் கேஸ் மோட்டாரால் சூடாகாமல் நேரே சிலிண்டருக்குப் போவதால் இழுக்கும் அளவு குறையாது. ஆனால் மோட்டார் 80, 90 டிகிரி கேஸில் உட்கார்ந்திருக்கும். மேலே ஏற இடம் குறைவு.

60 டிகிரி கண்டென்சிங்குக்கு, அதுவும் முதன்முறை கட்டுகிறவருக்கு, சக்ஷன் ஷெல்லே சரி. மோட்டார் 20 டிகிரி கேஸில் தொடங்குகிறது. அதன் இழப்பு வீணாவதும் இல்லை. கேஸில் ஏறி, கண்டென்சர் வழியாகத் தண்ணீருக்கே போகிறது. ஏசியில் மோட்டார் வெப்பம் தொல்லை, ஹீட் பம்பில் அது சரக்கு. அதனால்தான் இங்கே வெளி விசிறி வைப்பதை நான் ஏற்பதில்லை.

3. முதல் சுற்றுக் கணக்கு

ஜனவரி நிலையை எடுங்கள். 10 டிகிரி சூப்பர்ஹீட்டுடன் (ஆவியான பிறகு மேலும் ஏறும் சூடு) கேஸ் 20 டிகிரியில் வருகிறது. இழப்பே இல்லாத அமுக்கத்துக்குக் கிலோவுக்கு 31 கிலோஜூல் வேண்டும். மோட்டார் உட்பட மொத்தத் திறன் 62 சதவீதம் என்று வையுங்கள், சிறிய கம்ப்ரசருக்கு நியாயமான எண் அது. அப்போது 50 கிலோஜூல் செலவாகி, கண்டென்சரில் கிலோவுக்கு 176 கிலோஜூல் கிடைக்கும்.

5 கிலோவாட்டுக்கு வினாடிக்கு 28 கிராம் கேஸ். சக்ஷன் அடர்த்தி கனமீட்டருக்கு 19 கிலோ என்பதால் மணிக்கு 5.3 கனமீட்டர். மின்சாரம் 1.43 கிலோவாட்.

சிலிண்டர் தன் முழு அளவுக்கு இழுக்காது. மேலே தங்கும் 4 சதவீத இடைவெளியில் மிஞ்சிய கேஸ் விரிவதால் மட்டும் 10 சதவீதம் போய்விடும். வால்வு, கசிவு, சூடு எல்லாம் சேர்த்து 80 சதவீதம் என்று எடுங்கள். நிமிடத்துக்கு 2900 சுற்றில் ஒரு சுற்றுக்கு 38 சிசி வரும். இந்த எண்ணைப் பென்சிலில் எழுதுங்கள், லேத்துக்கு இன்னும் அனுப்ப வேண்டாம்.

4. மோட்டார் வெப்பத்தைச் சேர்த்து இரண்டாம் சுற்று

88 சதவீதத் திறனுள்ள மோட்டாரில் 1.43 கிலோவாட்டுக்கு 170 வாட் இழப்பு. அது முழுவதும் 28 கிராம் கேஸில் ஏறினால் கேஸ் சுமார் 7 டிகிரி சூடாகும். அடர்த்தி இரண்டரை சதவீதம் குறையும். ஆக 38 சிசி 39 சிசி ஆகிறது. 32 மில்லிமீட்டர் விட்டம், 24.4 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர் வைத்தால் சரியாக வரும்.

ஒரு சிசிக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பார்கள். அதே கணக்கை மூன்றாம் நிலைக்குப் போட்டால் காரணம் தெரியும். எவாப்பரேட்டர் 0 டிகிரியில் இருக்கும்போது கேஸ் வினாடிக்கு 28 கிராமிலிருந்து 18 கிராமுக்கு இறங்குகிறது, 35 சதவீதம் குறைவு. மின்சாரமோ 1.43-லிருந்து 1.30 கிலோவாட்டுக்குத்தான் இறங்குகிறது. வேலை அவ்வளவாகக் குறையவில்லை, குளிர்விக்க ஆள் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. 7 டிகிரி ஏற்றம் 10 டிகிரியாகிறது. டிஸ்சார்ஜ் வெப்பம் 90-லிருந்து 110 டிகிரிக்கு ஏறுகிறது.

மே மாத நிலை வேறு கதை. கேஸ் 41 கிராம் வருவதால் மோட்டார் நன்றாகவே குளிரும். ஆனால் கண்டென்சருக்குப் போகும் வெப்பம் 5-லிருந்து 7 கிலோவாட் ஆகிறது, மின்சாரம் 15 சதவீதம் கூடுகிறது. 5 கிலோவாட்டுக்கு அளந்த கண்டென்சர் 7-ஐ விழுங்க முடியாமல் கண்டென்சிங் 70 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 21 பார். எவாப்பரேட்டர் அழுத்தத்துக்கு உச்சவரம்பு வைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வை இங்கே போடுங்கள், அல்லது எவாப்பரேட்டர் விசிறி வேகத்தைக் குறையுங்கள். கம்ப்ரசரைப் பெரிதாக்குவது விடையல்ல, நோயைக் கூட்டும்.

இன்வெர்ட்டர் வைக்கிறவர்கள் இன்னொரு நிலையையும் எழுத வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் கேஸும் பாதி. அமுக்கும் விசை அதேதான் என்பதால் கரண்ட்டும் தாமிர இழப்பும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆகவே எவ்வளவு மெதுவாக ஓடலாம் என்பதை முடிவு செய்வது மோட்டார் சூடு. சத்தமோ மின்கட்டணமோ அல்ல.

5. கேஸ் போகும் பாதை

வடிவமைப்பில் அதிக நேரம் இங்கேதான் செலவாக வேண்டும்.

சக்ஷன் குழாய் ஷெல்லுக்குள் எங்கே திறக்கிறது என்பது முதல் கேள்வி. சிலிண்டர் பக்கம் திறந்தால் கேஸ் மோட்டாரைத் தொடாமலே உள்ளே போய்விடும். அதற்கு எதிர்முனையில், மோட்டாரின் கடைசி ஓரத்தில் திறக்க வையுங்கள். மோட்டாரின் சுழலாத பாகமான ஸ்டேட்டருக்கு வெளியே துருத்தி நிற்கும் தாமிரச் சுருள் தலைதான் மிகச் சூடான இடம். ஸ்லாட்டுக்குள் இருக்கும் கம்பி இரும்புக்குச் சூட்டைக் கொடுத்துவிடும், தலைக்கு அந்த வழி இல்லை. வரும் குளிர்ந்த கேஸ் முதலில் அதன் மேல் பட வேண்டும்.

ஆனால் நேரே பீய்ச்சக் கூடாது. கேஸுடன் சில சமயம் திரவத் துளிகளும் வரும், அவை வார்னிஷை அறைந்து அறைந்து உரிக்கும். குழாய் வாய்க்கு எதிரே ஒரு சிறு தடுப்புத் தகடு வையுங்கள். துளி தகட்டில் பட்டு அடியில் விழும், கேஸ் சுற்றிக்கொண்டு மேலே போகும்.

அடுத்து, மோட்டாரைக் கடக்கும் வழி. சுழலும் ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளி போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 60 மில்லிமீட்டர் ரோட்டர், 0.4 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் மொத்தப் பரப்பு 75 சதுர மில்லிமீட்டர்தான். நம் கேஸ் அதில் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நெரிந்து போக வேண்டும். இழக்கும் அழுத்தம் சக்ஷன் அழுத்தத்தில் 3 சதவீதம் வரை போகும், கேஸ் அளவும் அதே விகிதத்தில் குறையும். ஸ்டேட்டர் வெளிவிளிம்பில் நான்கு தட்டை வெட்டுகள் கொடுத்து மொத்தப் பரப்பை 300 சதுர மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். வேகம் 5 மீட்டருக்கு இறங்கும், அழுத்த இழப்பைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

இதில் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வெட்டை மிகப் பெரிதாக்கினால் கேஸ் எல்லாம் ஓரமாகவே ஓடி, ரோட்டர் பக்கம் எதுவும் போகாது. ரோட்டர் சூடு ஷாஃப்ட் வழியாக பேரிங்குக்கு இறங்கும். வெட்டுகளைச் சிறிதாகத் தொடங்கி, சோதனையில் பார்த்துப் பெரிதாக்குங்கள். வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

மோட்டாரைக் கடந்த கேஸ் வால்வுக்குப் போகும் கடைசிப் பகுதிதான் அதிகம் கெடும் இடம். சிலிண்டர் ஹெட் 90 டிகிரியில் இருக்கும். கேஸ் அதை உரசிக்கொண்டு போனால், மோட்டாருக்காக ஏற்ற 7 டிகிரி போதாதென்று ஒரு பயனும் இல்லாத 15 டிகிரி ஏறிவிடும். கேஸ் வால்வுக்குப் போகும் சத்தம் குறைக்கும் கூடான சக்ஷன் மஃப்ளரைப் பிளாஸ்டிக்கில் செய்வது அதற்காகத்தான். பிபிடி வகைப் பிளாஸ்டிக் கேஸையும் ஆயிலையும் தாங்கும், சூட்டையும் கடத்தாது. விலை குறைவு என்று அலுமினியத்தில் கடைந்து மாட்டாதீர்கள்.

டிஸ்சார்ஜ் குழாயும் இதே ஷெல்லுக்குள்தான் வளைந்து வெளியே போகிறது. அதிர்வுக்காக நீளமாகச் சுற்றத்தான் வேண்டும், ஆனால் சுற்று மோட்டார் பக்கம் வராமல் பாருங்கள். இல்லையென்றால் சூடான குழாயைக் குளிர்ந்த கேஸில் நனைத்துக்கொண்டே இருப்பீர்கள்.

6. டிஸ்சார்ஜ் வெப்பத்துக்கு எல்லை

கம்ப்ரசரை விட்டு ஒரு சாண் தள்ளி டிஸ்சார்ஜ் குழாயில் தெர்மோஸ்டாட்டை இறுக்கிக் கட்டி, 105 டிகிரியில் நிறுத்தும்படி வையுங்கள். வால்வில் உண்மை வெப்பம் அதைவிட 10 முதல் 25 டிகிரி அதிகம். அதற்கு மேல் போனால் ஆயில் கருகி வால்வுத் தகட்டில் படியும், வால்வு இறுக மூடாது, கசிந்த கேஸ் மறுபடி அமுங்கி இன்னும் சூடாகும்.

மூன்றாம் நிலையில் 110 டிகிரி வரும் என்று கணக்கு சொன்னது. ஆகவே இந்தத் தெர்மோஸ்டாட் வெட்டினால் கம்ப்ரசரைக் குறை சொல்லாமல் காயிலைக் கழுவச் சொல்ல வேண்டும். பலர் செய்வது தலைகீழ்: அடிக்கடி நிற்கிறது என்று செட்டிங்கை 120-க்கு ஏற்றுகிறார்கள்.

7. வைண்டிங்

மின்விசிறி மோட்டாருக்குச் சுற்றும் கம்பியும் வார்னிஷும் இங்கே ஆகாது. கேஸும் பாலியால் எஸ்டர் (பிஓஇ) ஆயிலும் அதை ஊற வைத்து உரித்துவிடும். பாலியெஸ்டர் மேல் அமைட்-இமைட் பூசிய இரட்டைப் பூச்சுக் கம்பி, ஸ்லாட்டுக்குப் பாலியெஸ்டர் ஃபிலிம், கட்டுவதற்குப் பாலியெஸ்டர் கயிறு என்று எழுதிக் கொடுங்கள். பிவிசி ஸ்லீவ் ஒரு துண்டுகூட உள்ளே போகக் கூடாது.

155 டிகிரி தாங்கும் எஃப் வகை இன்சுலேஷன் போட்டாலும், சராசரி 120 டிகிரியைத் தாண்டாதபடி வடிவமையுங்கள். சராசரியைவிடச் சூடான புள்ளி எப்போதும் உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் இன்சுலேஷன் ஆயுள் பாதியாகும் என்பது மோட்டார் வேலையில் எல்லாரும் வைத்திருக்கும் விதி.

வோல்ட்டேஜையும் கணக்கில் எடுங்கள். மே மாத மாலையில் எல்லா ஏசியும் ஓடும்போது 10 சதவீதம் இறங்கினால் கரண்ட் 11 சதவீதம் கூடும், தாமிர இழப்பு 23 சதவீதம் கூடும். சுருள் தலைக்குள், சூடானால் ரெசிஸ்டன்ஸ் ஏறும் பிடிசி சென்சார் மூன்று, ஃபேஸுக்கு ஒன்றாக, கட்டும்போதே வைத்துவிடுங்கள். பிறகு வைக்க இடம் கிடைக்காது. கரண்ட் போய் வந்தால் 3 நிமிடம் கழித்தே ஓடும்படி டைமர் வையுங்கள். அதற்குள் இரண்டு பக்க அழுத்தமும் சமமாகும்.

8. ஆயில்

ஆர்-134ஏ-க்கு பிஓஇ ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. சிறிய டின்னாக வாங்குங்கள், திறந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், மிச்சத்தை அடுத்த கம்ப்ரசருக்கு எடுக்காதீர்கள். வேக்குவத்தை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, பம்பை மூடிய பிறகும் ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

மழைநாளில் நின்றுபோன கம்ப்ரசருக்குள் கேஸ் ஆயிலில் கரைந்து கிடக்கும். ஓடத் தொடங்கியதும் நுரைத்துப் பொங்கி, பேரிங் வறண்டுபோகும். அடியில் ஒரு சிறு ஹீட்டர் போதும்.

9. ஷெல்லும் உப்புக்காற்றும்

சக்ஷன் 20 டிகிரியில் வருகிறது. புதுச்சேரியில் ஆண்டின் பெரும்பகுதி காற்றின் பனிப்புள்ளி அதைவிட மேலே. ஆகவே ஷெல்லின் சக்ஷன் பக்கம் எப்போதும் வியர்க்கும், அந்த ஈரத்தில் உப்பு படியும். கடற்கரைச் சாலையை ஒட்டிய மாடியில் சாதாரண பெயின்ட் அடித்த ஷெல்லில், குழாய் பிரேஸிங் செய்த வளையத்தைச் சுற்றித்தான் முதலில் கொப்புளம் கிளம்பும். அங்கே பெயின்ட் எரிந்திருக்கும், ஃப்ளக்ஸ் மிச்சமும் இருக்கும்.

பிரேஸிங் முழுவதும் முடிந்து, ஃப்ளக்ஸைத் தேய்த்துக் கழுவி, அதன் பிறகே எபாக்சி பூசுங்கள். சக்ஷன் குழாய்க்கும் ஷெல்லின் அந்தப் பக்கத்துக்கும் மூடிய செல் ரப்பர் உறை ஒட்டுங்கள். விளிம்பு ஒட்டாமல் இருந்தால் உறைக்குள்ளேயே தண்ணீர் தேங்கும், அதற்கு உறையே போடாமல் விடலாம். டெர்மினல் பெட்டியின் ஒயர் துளை கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும்.

வெற்று ஷெல்லின் அழுத்தச் சோதனையைத் தண்ணீரில் செய்து, நன்றாக உலர்த்திவிட்டுத்தான் உள்பாகங்களைப் பொருத்த வேண்டும். அந்த உயர் அழுத்தத்துக்குக் கேஸை நிரப்பிச் சோதித்தால், வெல்டு விட்டால் ஷெல் வெடித்துப் பறக்கும். தண்ணீர் என்றால் பீய்ச்சிவிட்டு நின்றுவிடும். நைட்ரஜன், கட்டி முடித்த பிறகு கசிவு பார்க்க மட்டும். ஆக்சிஜன் சிலிண்டரை எக்காரணம் கொண்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். ஆயிலோடு சேர்ந்தால் உயிர் போகும்.

10. ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டத்தை வெல்டு போட்ட ஷெல்லில் செய்யாமல், போல்ட் போட்டுத் திறக்கும் மூடியுடன் செய்யுங்கள். மேலே சொன்ன வெட்டுகளையும் தடுப்புத் தகட்டையும் மாற்றிப் பார்க்க அப்போதுதான் முடியும்.

ஓடும் முன், கம்ப்ரசர் ஓரிரவு முழுதும் நின்ற நிலையில், வைண்டிங் ரெசிஸ்டன்ஸையும் அறை வெப்பத்தையும் எழுதுங்கள். மூன்று நிலையிலும் வெப்பம் ஏறாமல் நிற்கும் வரை ஓட்டுங்கள். நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, உடனே ரெசிஸ்டன்ஸை அளங்கள். தாமிரத்துக்கு 234.5 என்ற எண்ணைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். 30 டிகிரியில் 2.00 ஓம் இருந்தது, நிறுத்தியதும் 2.60 ஓம் என்றால், 264.5-ஐ 1.3-ஆல் பெருக்கி 234.5-ஐக் கழியுங்கள். 109 டிகிரி வரும்.

ஒருமுறை மட்டும் அளந்தால் போதாது. நிறுத்திய நொடியிலிருந்து வைண்டிங் ஆறிக்கொண்டே இருக்கும். பத்து நொடிக்கு ஒரு முறை சில அளவுகள் எடுத்து, கோடு போட்டு, நிறுத்திய நொடிக்குப் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள்.

மூன்றாம் நிலையில் 120-ஐத் தாண்டினால் எங்கே திரும்பிப் போவது என்பதைத் தெர்மோகப்பிள் சொல்லும். கேஸ் ஷெல்லுக்குள் வரும் இடம், மோட்டாரைக் கடந்த இடம், வால்வுக்குள் நுழையும் இடம் ஆகிய மூன்றிலும் ஒவ்வொன்று வையுங்கள். முதல் இரண்டுக்கும் வித்தியாசம் 10 டிகிரியை ஒட்டி இருந்தும் வைண்டிங் சூடு என்றால், கேஸ் சுருள் தலையைச் சரியாகத் தொடவில்லை. தடுப்புத் தகட்டைத் திருப்புங்கள். வித்தியாசம் கணக்கைவிட மிகக் குறைவு என்றால் கேஸ் ஓரமாக ஓடுகிறது. கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் 15 டிகிரி என்றால் மோட்டாரைத் தொடாதீர்கள், மஃப்ளரையும் டிஸ்சார்ஜ் குழாய் வளைவையும் பாருங்கள்.

பிறகு மூடியைக் கழற்றுங்கள். ஆயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி நிறம் பாருங்கள். கறுத்திருந்தால் டிஸ்சார்ஜ் பக்கம், பொடி மின்னினால் பேரிங். சுருள் தலையில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். வார்னிஷ் கெட்டியாக இருக்க வேண்டும். பிசுபிசுத்தால் கம்பியோ வார்னிஷோ நீங்கள் கேட்ட வகை அல்ல. அப்படியானால் மூன்று நிலைகளிலும் எண்கள் சரியாகவே வந்திருந்தாலும் ஷெல்லை வெல்டு செய்யாதீர்கள், ஸ்டேட்டரை வைண்டிங் கடைக்குத் திருப்பி அனுப்புங்கள்.